ரெட்டிபாளையத்தில் ஒரு மாலை

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் வி. கைகாட்டியை நெருங்கும்போதே காற்றின் நிறம் மாறிவிடுகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்ல, சாலையோரத்துப் புளியமரங்களும் வேலிச் செடிகளும் வெள்ளை பூசிக்கொண்டு நிற்கின்றன. இந்நிலம் ஒரு காலத்தில் கடலடியாய் இருந்தது. 7 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிப்பிகளும் சங்குகளும் இன்றும் இங்கே கல்லாகக் கிடைக்கின்றன. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்பைச் சுட்டுத்தான் ரெட்டிபாளையத்து ஆலை சிமெண்டு செய்கிறது.

முன்னர் நம் பங்கில் வாழ்ந்த குடும்பம் ஒன்று இங்கே குடியேறியிருக்கிறது. தாயும் மகனும் மட்டுமே. மகன் ஒப்பந்த அடிப்படையில் மின்பணி செய்பவர். “சாமி, அப்பாவோட ரேடியோவைப் பிரிச்சு வச்சிருக்கேன். மூடுறதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பாருங்க” என்று அழைத்திருந்தார். குருமட நாள்களில் ஒலிபெருக்கிப் பொறுப்பு நம்முடையதாய் இருந்ததை எப்போதோ பெருமையாகச் சொல்லிவைத்ததன் பலன் இது. அந்தப் பொறுப்பில் நாம் செய்த காரியமொன்றை மட்டும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. திருவிழா இரவொன்றில் அடிக்கடி எரிந்துபோன பியூசுக்குப் பதிலாக ஒரு செம்புக்கம்பியைச் சுற்றிவைத்தோம். பியூசு பிழைத்தது, டிரான்ஸ்பார்மர் கருகிப்போயிற்று.

அந்த ரேடியோ, உண்மையில் ஸ்டீரியோ ரிசீவர் எனப்படும் பெரிய பெட்டி. வானொலி வாங்கி, ஒலித்திருத்தும் பகுதி, ஒலிபெருக்கிகளை இயக்கும் ஆற்றல் பகுதி ஆகிய மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கியது. குடும்பத் தலைவர் 1988-இல் சவூதியிலிருந்து சுமந்து வந்தது. அந்நாட்டு வீடுகளில் அக்காலத்தில் 127 வோல்ட் மின்சாரம் இருந்தமையால், பெட்டியின் பின்புறம் 110, 220 என்று மாற்றும் திருகி உண்டு. அதை மாற்றாமல் நம்மூர்ச் சுவரில் செருகிப் புகை கண்டவர் பலர். இவர் மாற்றியபின் ஒரு துண்டுத் தாளை அதன்மேல் ஒட்டியும் வைத்திருந்தார். தாள் மஞ்சளித்து இன்னும் இருக்கிறது.

2011-இல் அவர் காலமானார். பின்னர் பெட்டியும் ஒவ்வோர் உறுப்பாய் ஓய்ந்தது. எண்கள் ஒளிரும் முகப்பு அணைந்தது, வானொலி நின்றது, தூசி புகுந்த திருகிகள் தொட்டால் கரகரத்தன. பழுது பார்ப்பவர் எடைக்குப் போடச் சொல்லிவிட்டாராம். எடைக்குப் போட்டால் கிடைப்பது செம்புக்கும் அலுமினியத்துக்கும் உரிய விலையே.

பழைய ரிசீவர்களில் முதலில் சாவது மூளைப்பகுதி. கனத்த டிரான்ஸ்பார்மர், வெப்பம் தாங்கும் அலுமினியத் தகடுகள், அவற்றில் பொருத்திய ஆற்றல் டிரான்சிஸ்டர்கள் ஆகியவை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அவற்றை மட்டும் காத்து, ஏனையவற்றை நீக்கிவிட்டால், செல்பேசியோ கேசட் கருவியோ நேரே இணையத்தக்க தனி ஆம்பிளிபயர் ஒன்று கிடைத்துவிடும். மகன் செய்திருந்தது இதுவே. நீக்கியவற்றுள் ஒலித்திருத்தும் பலகையும் ஒன்று. “அதுல இரைச்சல் வருது சாமி, எடுத்துட்டேன்” என்றார். பாகம் குறைந்தால் பழுதும் குறையும் என்று நாமும் தலையசைத்தோம்.

வேலை சுத்தமாகவே இருந்தது. உலர்ந்துபோன இரு பெரிய கபாசிட்டர்களுக்குப் பதிலாக 63 வோல்ட் தாங்கும் புதியவற்றை வைத்திருந்தார். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் இவற்றில் மின்னழுத்தம் நிற்கும். இரண்டையும் சேர்த்து அளந்தபோது 84 வோல்ட். கைவைக்குமுன் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட அவர் மறக்கவில்லை. தொடக்கத்தில் கேட்ட உறுமலும், எர்த் கம்பிகளையெல்லாம் அவ்விரு கபாசிட்டர்களுக்கும் நடுவே ஒரே புள்ளியில் முடிந்தபின் அடங்கியதாம். ஒலிபெருக்கிகளைக் காக்கும் ரிலே ஆற்றல் பலகையிலேயே அமைந்திருந்தது அவருடைய நல்வாய்ப்பு. பிற்காலப் பெட்டிகளில் அந்த ரிலேக்கு ஆணையிடுவதும் மூளைப்பகுதியே. அதை எடுத்துவிட்டால் தனியாக ஒரு காப்புப் பலகை வாங்கிப் பொருத்த வேண்டும்.

முதல் இணைப்பை நேரே கொடுக்க விடவில்லை நாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைக்கச் சொன்னோம். உள்ளே எங்கேனும் குறுக்கு இணைப்பு இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரியும், பெட்டி பிழைக்கும். செம்புக்கம்பிக் கதையை அப்போதுதான் சொன்னோம். பல்பு ஒருகணம் பளிச்சிட்டு மங்கியது. சில நொடிகளில் ரிலே ‘டக்’கென்றது. ஒலிபெருக்கி முனைகளில் நேர்மின்னழுத்தம் 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தது. ஐம்பது வரை அஞ்சவேண்டியதில்லை.

பழைய முகப்பையே மீண்டும் பொருத்தினார். அது தாயின் விருப்பம். “மூஞ்சிய மட்டும் மாத்தாதடா” என்றிருந்தார் அவர்.

பிறகு அந்த அம்மா ஒரு கேசட்டை எடுத்து வந்தார். கடல் கடந்து சென்றவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய காலம் அது. இத்தகைய கேசட்டுகள் நம் ஊர்ப் பெட்டிகளில் எத்தனையோ உறங்குகின்றன. நாடா ஓடியது. மெலிந்த, தூரத்துக் குரல் ஒன்று மனைவியின் நலம் விசாரித்தது. இரைச்சல் துளியும் இல்லை. மகன் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த அம்மா எழுந்துசென்று முகப்பின் வலப்புறத் திருகியைப் பிடித்துத் திருப்பினார். அது சுழன்றது. பின்புறம் கம்பி ஏதும் இல்லையாதலால் குரல் மாறவில்லை. மறுபடியும் திருப்பினார்.

“அவரு குரல் இப்படி இருக்காது சாமி. கனமா இருக்கும். ஊருக்கு வந்தப்புறம், இது நல்லால்லைன்னு அவரே இதைத் திருப்பி வச்சாரு. அதுக்கப்புறம் நான் தொட்டதில்ல.”

இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் கேட்டுவந்தது, கணவர் தம் கையால் ஒலித்திருத்திய குரல். அந்தக் கையைத்தான் நாமிருவரும் வேண்டாத பாகம் என்று கழற்றிவிட்டோம். நாடாவில் உள்ளது இதுதான் என்று அவருக்கு விளக்கியிருக்கலாம். விளக்க நா எழவில்லை.

மகன் ஒன்றும் பேசாமல் பரண்மேல் ஏறி ஓர் அரிசிச் சாக்கை இறக்கினார். கழித்த பாகங்களுக்கிடையே அந்தப் பலகை கிடந்தது. தூசியை ஊதிவிட்டு, “இதுக்கு பதினஞ்சு வோல்ட் தனியா வேணும் சாமி. நம்மகிட்ட இருக்கிறது நாப்பத்திரண்டு” என்றார். வழக்கமான 7815 ரெகுலேட்டர் 35 வோல்ட்டுக்குமேல் தாங்காது. முதலில் ஒரு ரெசிஸ்டரும் ஜீனர் டயோடும் வைத்து அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறம் வரையத் தொடங்கினோம்.

அந்த அம்மா அடுப்பில் உலை வைத்தார். அரியலூர் செல்லும் கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது.