அழாத பெண்ணும் இடிந்த மதிலும்

அப்பா இறந்த அன்று நான் அழவில்லை. மருத்துவமனைக் கணக்கை முடிக்கவும், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பவும், ஆம்புலன்சுக்கு வழி சொல்லவும் ஆள் வேண்டியிருந்தது. "வாய்விட்டு அழுதுடு தாயி, இல்லேன்னா ஊரு என்ன நினைக்கும்?" என்றார் பெரியம்மா. அந்தக் கேள்வி பல மாதங்கள் என்னோடு இருந்தது. பழைய சீனத்து இரங்கல் எழுத்துகளைத் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

அங்கே நான் முதலில் கண்டவள் சி லியாங்கின் மனைவி. கி.மு. 550இல் அவள் கணவன் போரில் இறந்தான். திரும்பும் வழியில் அவளைக் கண்ட சி நாட்டு மன்னன், அங்கேயே துக்கம் விசாரிக்க ஆளனுப்பினான். அவள் ஏற்கவில்லை. கணவன் குற்றவாளி என்றால் விசாரிக்க ஒன்றுமில்லை. குற்றமற்றவன் என்றால் அவன் பெற்றோரின் வீடு இருக்கிறது, ஊருக்கு வெளியே வைத்து விசாரிப்பது முறையல்ல என்றாள். மன்னன் வீடு தேடிப் போனான். 'ஸுவோ ஜுவான்' என்ற வரலாற்று நூல் சொல்வது இவ்வளவுதான். அதில் அவள் அழுததாக இல்லை.

கி.மு. முதல் நூற்றாண்டில் லியு சியாங் தொகுத்த பெண்களின் சரித்திரத்திலோ, அவள் பிணத்தருகே கதறுகிறாள். பத்து நாளில் மதில் இடிகிறது. பிறகு ஆற்றில் விழுந்து சாகிறாள். மேலும் பல நூற்றாண்டுகள் கழித்து, பெருஞ்சுவரையே அழுது இடித்த மெங் ஜியாங்நியு ஆகிறாள். பாட்டிலும் நாடகத்திலும் நிலைத்தவள் இந்த அழுதவள்தான். மன்னனிடம் முறை பேசியவளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

கவிஞர் பான் யுவே (247–300) இறந்த மனைவிக்காக மூன்று கவிதைகள் எழுதினார். அவற்றின் தலைப்பே, மனைவிக்கான இரங்கற்பாவுக்குப் பொதுப்பெயராகிவிட்டது. அவள் யாங் குலத்தவள் என்பதைத் தவிர வேறு பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் எஞ்சிய அவளுடைய மைத்தடங்களைப் பற்றி அவர் எழுதுகிறார். அவள் எழுதியது எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை.

லி சிங்ஜாவ் தானே எழுதினார். 1129இல் கணவர் ஜாவ் மிங்செங் இறந்தபோது அவர் எழுதிய இரங்கலுரையில் ஒரு துண்டு மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆனால் கணவரின் கல்வெட்டு நூலுக்குச் சில ஆண்டுகள் கழித்து எழுதிய பின்னுரை முழுமையாகக் கிடைக்கிறது. சேர்த்த புத்தகங்கள், விற்ற உடைகள், போரில் ஓடும்போது இழந்தவை என்று அதில் ஒரு குடும்பத்தின் கணக்கே இருக்கிறது. ஆபத்து வந்தால் எதை முதலில் கைவிடுவது என்று கணவர் வரிசை சொன்னதும் வருகிறது: முதலில் மூட்டை முடிச்சு, பிறகு துணிமணி, பிறகு புத்தகம். சடங்குப் பாத்திரங்களை மட்டும் அவள் தன்னோடே சுமக்க வேண்டும். வாழ்வும் சாவும் அவற்றோடு. அதை அவர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். அன்பும் மனத்தாங்கலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

கணக்கு எழுதுவதும் துக்கம்தான் என்று அங்கேதான் புரிந்துகொண்டேன். அப்பாவின் மருத்துவமனை ரசீதுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவரைப் பற்றி நான் முதலில் எழுதியது அவற்றின் பின்பக்கத்தில்தான்.