வலியறிந்து உயர்த்துக

குவா மூசாங் பகுதியின் உட்காட்டு மண்சாலைகளில் செல்லும் நாற்சக்கர இயக்க வண்டிகளை, உயரமான ஸ்பிரிங்குகளைப் பூட்டி உயர்த்திக்கொள்வோர் உண்டு. உயர்த்தியபின் எழும் வினா ஒன்று: டிரைவ் ஷாஃப்ட் எனப்படும் உந்துதண்டையும் மாற்ற வேண்டுமா?

வண்டியின் உடல் உயர, அச்சோ தாழ்ந்தே நிற்கிறது. இடைப்பட்ட தண்டின் சாய்வு மிகுகிறது. சாய்ந்த மூட்டு சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒரு சுற்றில் 2 முறை விரைந்தும் தளர்ந்தும் சுழற்றுகிறது. இரு முனைச் சாய்வுகளும் சமமாயின் அக்குறை தீரும். இல்லையேல் வண்டி அதிரும், மூட்டுத் தேயும். ஆகவே, முதலில் அளக்க வேண்டியது சாய்வையே. அது மிகுந்திருப்பின் இரட்டை மூட்டுத் தண்டு தேவைதான்.

சாய்வு அளவோடிருந்தும் வலிமை ஒன்றையே கருதித் தடித்த தண்டை வாங்குவோர் சற்றே எண்ண வேண்டும். முறியாத தண்டு, சேற்றில் சிக்கிய சக்கரத்தின் சுமையைக் கியர்ப்பெட்டிக்கும் அச்சின் பற்சக்கரங்களுக்கும் தள்ளிவிடும். முறிந்த பின்தண்டைக் காட்டிலேயே கழற்றிவிட்டு, முன்சக்கர இயக்கத்தால் மெல்ல ஊர்ந்து மீளலாம். கியர்ப்பெட்டி உடைந்தாலோ கால்நடையே கதி.

வண்டியின் அச்சை உவமையாக்கி வலியறிதலை விளக்கினார் வள்ளுவர். எது முறியக்கூடாது என்பதோடு, எது முறிந்தால் தாங்கலாம் என்பதையும் அறிவதே வலியறிதல்.