களத்தின் ஓரத்திலே

யான் ஆட்டக்காரன் அல்லேன். சிறுபோது முதலே களத்தோரம் நின்று கண்டு களிப்பவன்.

என் இன்பநாள் 2016-இல் வந்தது. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய, எம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். 2021-இல் டோக்கியோ மழையில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியே பெற்றபோதும் எம் தெருவார் ஆர்ப்பரித்தனர்.

துன்பநாள் சென்ற ஆண்டினது. கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டமொன்றில் தோழன் ஒருவன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான், தோற்றோம். கூட்டத்தோடு யானும் அவனை எள்ளி நகையாடினேன். அன்று முதல் அவன் களம் புகுந்திலன். தோல்வியை மறந்தேன், என் குரலை மறக்க இயலவில்லை.

நண்பனே, இவ்விதழ் உன் கையை எட்டுமாயின், என் பிழை பொறுத்து மீண்டும் களம் வருக! ஓரத்தில் யான் நிற்பேன்.