கரிசல் காட்டில் டிரோன் ஓட்ட ஆள் வேண்டும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் வழியெல்லாம் கரிசல்தான். உளுந்து, பாசி, மக்காச்சோளம். வானம் பார்த்த பூமி. நல்ல மழை பெய்துவிட்டால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, மண் செருப்போடு பிடித்துக்கொள்ளும். படைப்புழுவோ ஈரம் காயும்வரை பொறுப்பதில்லை. ஆளுயர மக்காச்சோளத்துக்குள் கைத்தெளிப்பானைச் சுமந்து போகிறவர், மருந்தில் பாதியை முகத்தில் வாங்கிக்கொள்கிறார். தண்ணீரையும் குடம் குடமாகச் சுமக்க வேண்டும்.

டிரோனுக்கு ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணீர் போதும். 10 நிமிட வேலை. ஆனால் ஓட்டுவது யார்? 2021 டிரோன் விதிகளின்படி, 18 வயது நிரம்பி பத்தாம் வகுப்பு தேறியவர் பயிற்சி முடித்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். மத்திய அரசின் நமோ டிரோன் தீதி திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவிகித மானியம், அதிகபட்சம் 8 லட்ச ரூபாய். 15 நாள் பயிற்சியும் உண்டு.

என்னைக் கேட்டால், மானியத்தைவிடப் பயிற்சிதான் பெரிது. சனிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குக் கூட்டம் திரளும் இந்த ஊரிலேயே, உடைந்த விசிறியை மாற்றவும் பேட்டரியைப் பேணவும் நாலு பேர் வேண்டும். பழுது பார்க்க மெஷினை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், குருத்து மிஞ்சாது. குழுவில் இருக்கும் பெண்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் இப்போதே விசாரித்து வைக்கலாம்.