பாலத்துக்கு இரு பக்கமும்

'திருநெல்வேலி' என்று சொல்லி டிக்கெட் கேட்பவர் வெளியூர்க்காரர் என்பது நகரப் பேருந்து நடத்துநருக்கு உடனே தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர் வாயில் அந்தப் பெயர் வராது. டவுன், ஜங்ஷன், பாளை, பேட்டை, மேலப்பாளையம் என்றுதான் வரும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்ற மூன்று நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994இல் மாநகராட்சி ஆக்கினார்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும், காகிதத்தில் ஒட்டியது மனதில் ஒட்டவில்லை. டான்யூப் நதியின் இரு கரைகளில் இருந்த புடாவும் பெஸ்ட்டும் 1873இல் இணைந்து ஒரே பெயராகிவிட்டன. இங்கே அப்படி ஒரு கூட்டுப் பெயர் சாத்தியமில்லை. நெல்லை முதலில் வருவதா, பாளை முதலில் வருவதா என்று வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

டவுன் கோயிலால் பிறந்த ஊர். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள், அவற்றிலிருந்து பிரியும் தெருக்கள், தெருக்களுக்குள் முடுக்குகள், முடுக்குகளுக்குள் வளவுகள். வளவு என்பது பொது நடையோடு வரிசையாக அமைந்த வீடுகளின் தொகுப்பு. முதல் வீட்டில் தாளித்தால் நான்காம் வீட்டில் தும்முவார்கள். ரகசியம் என்பது கட்டட அமைப்பாலேயே அங்கு தடைசெய்யப்பட்டிருந்தது. வண்ணதாசன் கதைகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் அத்தனை நுட்பமாகக் கவனித்துக்கொண்டிருப்பதில் இந்த வளவுகளுக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இதே டவுனின் சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்துதான் தி.க.சி., முகம் பார்த்திராத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் தபால் அட்டைகள் எழுதிக்கொண்டிருந்தார். அவர் 2014இல் மறைந்தார். வளவுகளும் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. அல்வாவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஜங்ஷன் யாருக்கும் சொந்த ஊர் அல்ல. ரயில் நிலையம், லாட்ஜுகள், ஈரடுக்கு மேம்பாலம். எல்லோரும் கடந்து செல்லும் இடம் அது.

அதைத் தாண்டினால் சுலோசன முதலியார் பாலம். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு எழுப்பிய பாலம், 1843இல் திறக்கப்பட்டது. புடாவையும் பெஸ்ட்டையும் இணைத்த புகழ்பெற்ற சங்கிலிப் பாலம் 1849இல்தான் வந்தது. இணைப்பதில் இவ்வூர்க்காரர்களுக்கு அதைவிடப் பழைய ஆர்வம் உண்டு. நெல்லையப்பர் கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை வடமலையப்ப பிள்ளையன் கட்டியது 1647இல்.

பாலத்தின் மறுகரை கொக்கிரகுளம். ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளை முன்வைத்து அந்த அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியது. மக்கள் ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் இங்கே ஆற்றில் மலர் தூவுகிறார்கள். சற்று மேலே, குறுக்குத்துறையின் படித்துறைகளையும் கல்மண்டபங்களையும் பற்றி உருகி எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனையோ உண்டு. அந்த உருக்கத்தில் கால்பங்குகூட இந்தக் கரைக்குக் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது வழக்கமானது. ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளும் ஜங்ஷனுக்குள்ளும் ஆறு புகுந்தது வழக்கத்தில் இல்லாதது. அன்றைக்குத் தாமிரபரணி பேட்டை வேறுபாடு பார்க்கவில்லை.

பாளை, பெயரே சொல்வதுபோல, கோட்டையால் பிறந்த ஊர். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801இல் தப்பிச் சென்றது இங்கிருந்த சிறையிலிருந்துதான். கோட்டையின் மிச்சங்கள் இப்போது போக்குவரத்துக்கு நடுவே நிற்கின்றன. டவுனில் பொழுது கோயில் மணியால் நகர்கிறது என்றால் பாளையில் பள்ளி மணியால் நகர்கிறது. சாரா தக்கர், ஜான்ஸ், சேவியர் என்று மிஷனரிகள் தொடங்கிய கல்லூரிகள். பார்வையற்றோருக்கும் செவித்திறனற்றோருக்கும் நூற்றாண்டு கண்ட பள்ளிகள். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகள் கைகளால் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பதைப் பாளைக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுவும் அவ்வூரின் பாஷைகளில் ஒன்று. பாளையில் வீடு கட்டிக் குடிபோனவர்களைப் பற்றி டவுன் ஆச்சிகள் 'ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாவ' என்பார்கள், கப்பலேறிப் போனதைப் போல.

மேலப்பாளையம் தறியாலும் பீடியாலும் பிழைத்த ஊர். இஸ்லாமியர் பெருவாரியாக வாழும் இப்பகுதி டவுன்காரர்களுக்குப் பாளையைவிடத் தூரம். பேருந்தில் அல்ல, மனதில். நெல்லையில் குடியிருந்த தோப்பில் முஹம்மது மீரானும் தாம் பிறந்த தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையைத்தான் எழுதினார். ஓர் எழுத்தாளனிடம் இன்ன தெருவை எழுது என்று கேட்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் ரத வீதிகளுக்கு இத்தனை கதைகள் இருக்க, ஆற்றுக்கு இப்பால் இவ்வளவு பெரிய ஊருக்கு இன்னும் நிறைய வேண்டும். எழுதப்போகிறவர் செவ்வாய்க்கிழமை காலை மாட்டுச் சந்தைக்கு வரலாம். துண்டுக்கு அடியில் கைகோத்து, வாய் திறக்காமல், விரல்களால் விலை பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேரிடமிருந்து தொடங்கலாம்.