திரை அணைந்தால்

உலகம் அழிந்த பிறகும் காதல் இருக்குமா? இருக்கும் என்கிறது ‘வால்-ஈ’. ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கிய, பிக்ஸாரின் 2008-ம் வருஷத்து அனிமேஷன் படம்.

பூமி முழுக்கக் குப்பை. மனிதர்கள் விண்கலம் ஏறிப் போய் 700 வருஷமாகிறது. குப்பை அள்ள ஒரே ஒரு துருப்பிடித்த ரோபோ. துணைக்கு ஒரு கரப்பான்பூச்சி. ‘ஹலோ, டாலி!’ வீடியோ கேஸட்டைப் போட்டுப் பார்த்து, காதல் என்றால் கையைப் பிடித்துக்கொள்வது என்று கற்றுக்கொள்கிறது. செடி தேடி வந்த ஈவ் அசைவற்று நின்றுவிட, மழையில் அதற்குக் குடை பிடிக்கிறது!

எனக்கு இதைவிடப் பிடித்தது விண்கலத்துக் காதல். ஜானும் மேரியும் மிதக்கும் நாற்காலியில், முகத்துக்கு நேரே திரையோடு வாழ்கிறவர்கள். வால்-ஈ குறுக்கே வந்ததில் மேரியின் திரை அணைகிறது. ஜன்னலில் நட்சத்திரங்கள்! ஜானைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். கைகள் பட்டுக்கொள்கின்றன.

நாங்கள் படம் பார்த்தது தமிழ்நாட்டின் பவர்கட் காலத்தில். “நாமளும் கரண்ட் போனாத்தானே பேசிக்கிறோம்” என்றாள் மனைவி.

இப்போது கரண்ட் போனாலும் ஆளுக்கொரு செல்போன் எரிகிறது. வால்-ஈ நம் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று நேற்று ராத்திரி நானே என்னுடையதை அணைத்தேன்.

“என்ன, சார்ஜ் இல்லையா?” என்றாள்.

பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.