பழகாத நீரில் ஒரு தூண்டில்

தெரிந்த குளத்தில் மீன் பிடிப்பது பொழுதுபோக்கு. தெரியாத நீர்நிலையில் மீன் பிடிப்பதோ கல்வி. சென்ற மே மாதம், நீலகிரியில் உள்ள எமரால்டு நீர்த்தேக்கத்தின் கரையில் எங்கள் அப்பாவைப் பார்த்து நாங்கள் இதைக் கற்றுக்கொண்டோம்.

எங்கள் அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவர். பொங்கலுக்குப் பிறகு அந்த ஆலை மூடப்பட்டது. ஞாயிறுதோறும் மூங்கில் தூண்டிலோடு குளக்கரைக்குப் போய்க் கெண்டையும் ஜிலேபியும் பிடித்து வருபவர், அதன்பின் தூண்டிலைத் தொடவே இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பினார். ஆனால் இயந்திரங்கள் எல்லாம் புதியவை; தம்மைவிட வயதில் சிறியவர்களிடம் வேலை கற்க வேண்டும். அப்பா பதில் சொல்லாமல் நாள்களைக் கடத்தினார். பள்ளிக் கட்டணம் என்ன ஆகும், இந்தப் பள்ளியை விட்டுப் போக நேருமோ என்று அக்கா, தம்பி உட்பட நாங்கள் மூவரும் இரவில் போர்வைக்குள் மெல்லப் பேசிக்கொள்வோம்.

கோடை விடுமுறைக்கு உதகையில் இருக்கும் சித்தப்பா எங்களை அழைத்தார். “டிரவுட் மீன் பிடிக்கலாம் வாங்கண்ணா. அனுமதிச் சீட்டு வாங்கி வெச்சிருக்கேன்” என்று அவர் சொன்ன பிறகே அப்பா புறப்படச் சம்மதித்தார்.

எமரால்டு உதகையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. குந்தா நீர்மின் திட்டத்திற்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்களுள் இதுவும் ஒன்று. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாடு இத்திட்டத்திற்கு உதவியது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் கேரட், உருளைக்கிழங்கு விளையும் படிக்கட்டு வயல்களும்; நடுவே அசைவற்ற பச்சை நீர். பார்ப்பவர் கண்ணுக்கு அது மரகதமாகத் தெரிவதில் வியப்பில்லை!

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. வானவில் டிரவுட்டின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. 1860களில் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சி பலித்தது. பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகமும் ஏற்பட்டது. கடல் கடந்து வந்த மீன் இந்தக் குளிர்ந்த நீரில் தன் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கியது என்றால் மிகையாகாது.

அதிகாலையிலேயே கரைக்குப் போய்விட்டோம். அப்பா தமக்குத் தெரிந்த முறையிலேயே தொடங்கினார். முள்ளில் மண்புழுவைக் கோத்துத் தக்கையை மிதக்கவிட்டு, ஒரே இடத்தில் அமர்ந்தார். வெயில் ஏறியது. தக்கை அசையவே இல்லை. “இந்தத் தண்ணியில மீனே இல்லையாப்பா?” என்று தம்பி கேட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆலை மூடிய நாளில் பார்த்த அதே முகம். எங்களுக்கு மனம் பதைத்தது.

அப்போது கேரட் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து சற்று நேரம் நின்று பார்த்தார். அப்பா எழுந்து அவரருகே போய், “அண்ணா, எனக்கு இந்தத் தண்ணி புதுசுங்க. எப்படிப் பிடிக்கறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்று கேட்டார். அப்பா ஒருவரிடம் இப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

பெரியவர் மகிழ்ந்து போனார். முதலில் தூண்டிலைக் கீழே வைக்கச் சொல்லி, எங்களைக் கரையோரமாக நடத்திச் சென்றார். குளத்துக் கெண்டை வெதுவெதுப்பான கலங்கல் நீரிலும் வாழும். டிரவுட்டுக்கோ குளிர்ந்த நீரும் அதில் நிறையப் பிராணவாயுவும் வேண்டும். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். ஆகவே கோடை வெயிலில் அது கரையை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். காலையிலும் மாலையிலும்தான் இரை தேடிக் கரையோரம் வரும். ஓடை வந்து கலக்கும் இடம், கரை சட்டென்று ஆழமாகும் இடம், காற்று பூச்சிகளை ஒதுக்கும் கரை ஆகிய மூன்றையும் கண்டுகொண்டால் போதும். “நிழல் தண்ணியில விழக்கூடாது, காலைத் தட்டி நடக்கக்கூடாது. மீனு உங்களைப் பாத்துட்டா அப்புறம் வராது” என்றார் பெரியவர்.

பகல் முழுவதும் அப்பா தூண்டில் போடவில்லை. நடந்தார், பார்த்தார். எங்கே பூச்சிகள் மிதக்கின்றன, எங்கே நீரின் நிறம் கருக்கிறது என்று எங்களையும் பார்த்துச் சொல்லச் சொன்னார். மாலையில் சித்தப்பாவின் ரீல் தூண்டிலை வாங்கி, ஸ்பின்னர் என்னும் சுழலும் தகட்டை அதில் கட்டினார். அறுந்த நூலை 22 ஆண்டுகள் முடிந்த விரல்கள் அல்லவா, அந்த நரம்பில் முடிச்சு ஒரே முயற்சியில் விழுந்தது. “பார்த்தீங்களா கண்ணுகளா, பழைய வேலையும் கூடவேதான் வருது” என்று சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கண்ட சிரிப்பு அது.

ஓடை கலக்கும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி மண்டியிட்டு அமர்ந்து, முதலில் கரையை ஒட்டியும் பிறகு சற்றுத் தூரத்திலும், விசிறி விரிப்பதுபோல ஒவ்வொரு திசையாக வீசினார். ஒவ்வொரு முறையும் தகடு வெறுமனே திரும்பியது. மலைக்குப் பின்னால் சூரியன் மறையும் வேளையில் நரம்பு விண்ணென்று இழுத்தது. தம்பி கத்த வாயெடுக்க, அக்கா அவன் வாயைப் பொத்தினாள். அப்பா அவசரப்படாமல், அது இழுக்கும்போது விட்டும், தளரும்போது சுற்றியும் கரைக்குக் கொண்டுவந்தார்.

ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மீன். உடலெங்கும் கரும்புள்ளிகள், பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, வாலுக்கு முன்னே முதுகில் முள்ளில்லாத சிறு சதைத் துடுப்பு. படத்தில் பார்த்தபோது இத்தனை அழகு என்று நாங்கள் நினைக்கவில்லை. ஏழு பேருக்கு ஒரே மீன்தான். சித்தி அதை வறுத்தபோது ஆளுக்கு இரண்டு வாய் கிடைத்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் மலையிறங்கும் பேருந்தில், “திருப்பூருக்குப் போய்ப் பார்க்கறேன்” என்று அம்மாவிடம் அப்பா சொன்னார். முன் இருக்கையில் இருந்த நாங்கள் மூவரும் தூங்குவதுபோல் இருந்தபடியே கைகளை இறுகப் பற்றிக்கொண்டோம்.

இப்போது அப்பா காலை ரயிலில் திருப்பூர் போய் இரவில் திரும்புகிறார். சம்பளம் முன்னைவிடக் குறைவு. ஆனாலும் நாங்கள் இதே பள்ளியில் படிக்கிறோம். இரவுச் சாப்பாட்டின்போது, “இன்னைக்கு அந்தச் சின்னப் பையன் எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தான்” என்று அப்பா பெருமையாகவே சொல்கிறார்.

தோழியரே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம்மில் ஒவ்வொருவரும் வெவ்வேறு கரைகளுக்குப் போகப்போகிறோம். அங்கே நமக்குத் தெரிந்தவை சில பலிக்காமல் போகலாம். அப்போது மீனே இல்லை என்று எழுந்து வந்துவிடாமல், சற்று நடந்து பார்ப்போம். அங்கே இருப்பவர்களிடம், “எனக்கு இது புதிது, சொல்லிக் கொடுங்கள்” என்று கேட்போம். அப்படிக் கேட்பதில் தாழ்வு ஏதும் இல்லை.